மீன்காரன் கொண்டுவந்த ஐஸ்

அத்தியாயம் 11

போன வாரம் என் அண்ணன் விஸ்டின் கையிலிருந்த சுத்தியலைக் காற்றில் பறக்கவிட்ட இடத்தில் நிறுத்தினேன். அது யார் மேல் விழுந்தது என்று கேட்டு என்னைப் பிய்த்து எடுத்துவிட்டீர்கள். சொல்கிறேன். அண்ணனின் மருமகன் ரொக்கு மேல் விழுந்தது. வலது புருவத்துக்கு மேல், மூன்று தையல்.

அண்ணன் குறி வைத்தது மருமகனை அல்ல. தன் மகள் மார்தெஸ் காரில் பொருத்திய தண்ணீர்ப் பெட்டியைத்தான். அதை உடைக்கத்தான் வீசினான். அந்தக் கிறுக்கன் ரொக்கு பெட்டிக்குக் குறுக்கே போய் நின்றுவிட்டான்.

என் அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று ஊரில் சொல்வார்கள். பொய். அவன் மூக்கே கோபத்தில் செய்ததுதான். கூடப் பிறந்தவள் நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் வீட்டுச் சண்டை சொத்துச் சண்டை இல்லை, இன்டர்கூலர் சண்டை. டர்போ என்பது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கிற சாமான். அமுக்கினால் காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுப் பம்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சூடான காற்றை அப்படியே உள்ளே விட்டால் இன்ஜினுக்குப் பலம் வராது, பிஸ்டனும் உருகும். அதை நடுவழியில் ஆற்றுகிற பெட்டிதான் இன்டர்கூலர். அதில் இரண்டு வகை. ஒன்று வண்டி மூக்கில் நின்று எதிர்காற்றை வாங்கி ஆற்றும். இன்னொன்று உள்ளே ஐஸ் தண்ணீரைச் சுற்றவிட்டு ஆற்றும்.

அண்ணன் காற்றுக் கட்சி. மகள் தண்ணீர்க் கட்சி. எங்கள் ஊர்த் திருவிழாவில் முட்டிக்கொள்ளும் இரண்டு பேண்டு வாத்தியச் சங்கம் போல எங்கள் வீட்டில் இது.

ஞாயிற்றுக்கிழமை காலை. பழைய விமானத் தளத்தில், இரண்டிரண்டு காராக நேர்கோட்டில் பாயும் போட்டியின் இறுதிப் பந்தயம், ஓட்டுவது மார்தெஸ். ஆகஸ்ட் வெயில் தார் மேல் நின்று நெளிந்துகொண்டிருந்தது. நான் பஸ்திட்சிப் பலகார டப்பாவைத் திறந்து, பட்டாணி வைத்தது ஒரு பக்கம், ரிக்கோட்டாப் பாலாடைக்கட்டி வைத்தது ஒரு பக்கம் என்று அடுக்குவதற்குள் அப்பனும் மகளும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"இன்னும் நேரம் இருக்கு மார்தெஸ். அந்தத் தண்ணிச் சனியனக் கழட்டு. முன்னாடி என் கூலர மாட்டித் தர்றேன்."

"எதுக்கு? கோட்டுல நிக்கறப்ப எதிர்காத்து எங்கேருந்து வரும்? நீ வாயால ஊதுவியா?"

"வாயப் பாரு! ஓட ஆரம்பிச்சா வரும்டீ காத்து."

"ஓடுறதே பத்து செகண்டுப்பா. இந்த வெயில்ல நின்னு நின்னு உன் கூலர் அடுப்பாட்டம் ஆயிடும். அது ஆறுறதுக்குள்ள பந்தயம் முடிஞ்சிரும். ஐஸ் அப்பிடியா? நின்னாலும் குளிரும், ஓடினாலும் குளிரும்."

அண்ணன் பெட்டியைச் சுட்டிக் காட்டினான். குரல் திடீரென்று தாழ்ந்தது. அவன் கத்தும்போது நான் பயப்படுவதில்லை. தாழ்த்திப் பேசும்போதுதான் பயம்.

"ஒண்ணு சொல்றேன், காதுல போட்டுக்க. காத்து கூலர்ல ஓட்டை விழுந்தா காத்துதான் ஒழுகும். வண்டி மெதுவாப் போகும், அவ்வளவுதான். இதுல ஓட்டை விழுந்தா தண்ணி எங்கடீ போகும்? நேரா இன்ஜினுக்குள்ள. தண்ணிய அமுக்க முடியுமா? எவனாலயும் முடியாது. பிஸ்டன் கம்பி முறியும். வெடிக்கும்."

"புதுப் பெட்டிப்பா. எதுக்கு ஓட்டை விழும்?"

 அண்ணன் பெட்டியின் மூட்டில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கை நகத்தால் சுரண்டி ஊதினான். நாங்கள் எல்லாருமே அதைப் பார்த்திருந்தோம். எங்கள் தீவுத் தண்ணீர் அப்படி. கெட்டிலில் படியும், ஷவரில் படியும், கழுவி வைத்த கண்ணாடித் தம்ளரில்கூடப் படியும். "சுண்ணாம்பு," என்று சொல்லிவிட்டு விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

அப்போதுதான் ரொக்குவின் பிக்கப் வந்து நின்றது. பின்னால் மீன் பெட்டிகள் நிறைய நொறுக்கிய ஐஸ். மார்சஷ்லொக் துறைமுகத்திலிருந்து விடியும் முன்பே கிளம்பி வந்திருக்கிறான். புருவத்தில் தையல், அதற்குக் கீழே கத்திரிக்காய் நிறத்தில் வீக்கம்.

"வந்துட்டாருய்யா மாப்பிள்ளை," என்றான் அண்ணன். "மூக்கப் பொத்திக்கங்க எல்லாரும்."

ரொக்கு சிரித்தான். கல்யாணமான நாளிலிருந்து இந்தச் சிரிப்புத்தான். மூன்று தலைமுறையாக மீன் பிடிக்கிற குடும்பம். என் அண்ணன் அவனை ஒரு நாளும் தன் கார் ஒர்க் ஷாப் படி ஏற விட்டதில்லை. ஐஸ் கொண்டு வந்தால் வாசலில் வாங்கிக்கொள்வார்கள். பந்தய நாளில் மட்டும், வண்டியில் பக்கத்து சீட்டைக் கழற்றிய இடத்தில் இருக்கிற ஐஸ் தொட்டியை அவன்தான் நிரப்புவான். யாரையும் தொட விடமாட்டான். "மீன்காரனுக்கு ஐஸ் பத்தித் தெரியும், விடுங்க" என்பான்.

ஜூன் மாதம் முதல் ஓட்டத்திலேயே நேரம் குறைந்தது. ஜூலையில் இன்னும் குறைந்தது. அன்றைக்கு அண்ணன் தன்னை மறந்து ரொக்குவின் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். ஒரே ஒரு தட்டு. அதற்கு அந்தப் பிள்ளை முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! எனக்கே கண் கலங்கியது.

மார்தெஸ் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு அப்பன் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, சொன்ன வாக்கு ஞாபகம் இருக்கா? அத்தை சாட்சி. இன்னிக்கு இந்த ஐஸை வெச்சு நான் ஜெயிச்சா, நாளையிலேருந்து ரொக்கு ஒர்க் ஷாப் உள்ள வரணும். வாசல் பெயர்ப் பலகையில அவர் பேரும் ஏறணும்."

"தோத்தா?"

"தோத்தா நீ சொன்னதுதான்."

"என்ன சொன்னேன்? சொல்லு, உன் வாயால சொல்லு."

"நானும் அவரும் உன் வாசல்ல கால் வைக்க மாட்டோம்."

"சத்தமா சொல்லிட்டியே. நல்லது." அண்ணன் ஒரு பஸ்திட்சியை எடுத்து அப்படியே வாய்க்குள் தள்ளினான். இவனெல்லாம் ஒரு அப்பன் என்று நினைத்தேன். நினைத்தது முகத்தில் தெரிந்திருக்கும், தெரியட்டும்.

பக்கத்துத் தடத்தில் போட்டிக்கு ஓடப் போகிறவன் ஸாரென். எங்கள் தெருவிலேயே எதிர் ஒர்க் ஷாப், எதிர் பேண்டு சங்கம். திருவிழா வாரத்தில் அவனும் அண்ணனும் ஒருவன் பல்லை ஒருவன் எண்ணாத வருஷம் கிடையாது. அவன் வேண்டுமென்றே எங்கள் பக்கம் வந்தான். தொட்டி மூடியைத் திறந்து ஒரு கை ஐஸை அள்ளிப் பின்கழுத்தில் தேய்த்துக்கொண்டான்.

"விஸ்டின், இது வண்டியா, மீன் பெட்டியா? ஜெயிச்சா கோப்பை தரணுமா, மீனுக்குப் பிழிய எலுமிச்சம்பழம் தரணுமா?"

"கைய எடுடா!"

"எடுத்துட்டேன், எடுத்துட்டேன். பொண்ணு நல்லா ஓட்டுது. உன்ன மாதிரி இல்ல." மார்தெஸைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனான்.

அண்ணன் மூடியை அறைந்து மூடினான். "அந்த நாய் உள்ள எதையாவது போட்டிருக்கும்," என்று முனகினான். நான் காதில் வாங்கவில்லை. ரொக்கு மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, மீதி ஐஸைக் கொட்டி, மூடியை இறுக்கினான்.

பிற்பகல். கோட்டில் இரண்டு வண்டி. மார்தெஸின் பழைய எஸ்கார்ட் கார் உறுமியபடி நின்றது. முன்னால் ஓடியவன் கொட்டிய எண்ணெயைத் துடைக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்கள். வெயிலில் அவ்வளவு நேரம் இன்ஜின் ஓடிக்கொண்டே நின்றது. அதன் புகைக்குழாயில் வெள்ளையாக ஆவி வந்ததை அண்ணன் கவனித்தான்.

"அது என்ன வெள்ளைப் புகை? ஏய், நிறுத்தச் சொல்லு! ஜூசா, கையக் காட்டு, நிறுத்தச் சொல்லு!" என்று என் தோளை உலுக்கினான்.

விளக்கு பச்சையானது.

என்ன ஓட்டம் தெரியுமா! மார்தெஸ் ஸாரெனை விட ஒரு வண்டி நீளம் முன்னால் போனாள். நான் அழுது கத்தினேன். ரொக்கு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே குதித்தான். கடைசிக் கோட்டுக்குக் கொஞ்சம் தூரம்தான். அப்போது கேட்டது அந்தச் சத்தம். திருவிழா வெடி கேட்டு வளர்ந்த காது இது. இப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை.

இன்ஜினின் பக்கவாட்டைக் கிழித்துக்கொண்டு பிஸ்டன் கம்பி பறந்து தாரில் தெறித்தது. எண்ணெய் பீய்ச்சி அடித்தது. அது சூட்டுக் குழாயில் பட்டதும் முன்பக்கம் முழுக்கத் தீ. தன் எண்ணெயிலேயே தன் சக்கரம் வழுக்கி, வண்டி இரண்டு சுற்றுச் சுற்றி, கான்கிரீட் சுவரில் பக்கவாட்டாக மோதியது.

"ஏறு!" என்று கத்தினான் ரொக்கு. நானும் அண்ணனும் பிக்கப்பின் பின்னால் விழுந்தடித்து ஏறினோம். ஐஸ் பெட்டிகள் உருண்டன. அண்ணன் கைக்கு ஜாக்கிக் கம்பி கிடைத்தது. "போட்டுட்டான், அந்த ஸாரென் தண்ணில எதையோ போட்டுட்டான்" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தான். அவன் கண்ணில் மகள் இல்லை. அது எனக்கு அப்போதே தெரிந்தது.

நாங்கள் போய்ச் சேரும்போது தீயணைப்பு ஆட்கள் வெள்ளைத் தூளை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் முன்னால் ஒருவன் போயிருந்தான். ஸாரென். தன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஓடி வந்து, பெல்ட்டை அறுத்து, எங்கள் பெண்ணை ஜன்னல் வழியாக இழுத்துத் தாரில் கிடத்தியிருந்தான். முட்டி போட்டு அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

பிக்கப் நிற்கும் முன்பே அண்ணன் குதித்தான். "என் பொண்ணத் தொடாதடா!" என்று கத்திக்கொண்டே போனான். கம்பியால் முதல் அடி ஸாரெனின் முதுகில்.

"டேய், பைத்தியமாடா நீ? உன் பொண்ண வெளிய இழுத்துப் போட்டேன்டா, நாயே!"

"தண்ணில என்னடா போட்ட?"

ஸாரென் எழுந்து கையைத் தூக்கித் தடுத்தான். இரண்டாவது அடி அந்தக் கையில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் காய்ந்த விறகை ஒடிப்பது போல இருந்தது. முழங்கைக்குக் கீழே கை தப்பான பக்கம் மடங்கித் தொங்கியது. அவன் அலறவில்லை, அப்படியே உட்கார்ந்தான்.

நான் மார்தெஸின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். வலது காலில் பூட்ஸ் கருகி ஒட்டியிருந்தது. மேலெல்லாம் தொப்பலாக நனைந்திருந்தாள். சுவரில் மோதியபோது தொட்டி கிழிந்து அத்தனை ஐஸ் தண்ணீரும் அவள் மேல் கொட்டியிருக்கிறது. தீ காலோடு நின்றதற்கு அதுதான் காரணம் என்று தீயணைப்பு ஆள் ஒருவன் சொன்னான். இல்லாவிட்டால் இடுப்பு வரை போயிருக்குமாம்.

அவள் நாக்கால் உதட்டை நக்கினாள். மறுபடி நக்கினாள்.

"அத்தை, உப்பு."

"உதடு கிழிஞ்சிருக்கும்மா, ரத்தம். பேசாத."

"ரத்தம் இல்ல. தண்ணி. தண்ணி உப்புக் கரிக்குது."

அவள் கண் என்னைத் தாண்டிப் போனது. ரொக்கு நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.  சுண்ணாம்பு! ஒரு கோடை முழுக்க நாங்கள் அதைச் சுண்ணாம்பு என்று சொல்லித் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். ஒருத்தராவது அதை நாக்கில் வைத்துப் பார்த்தோமா?

அண்ணன் கம்பியை மூன்றாவது தடவை ஓங்கினான். இந்தத் தடவை ஸாரெனின் தலைக்கு. தடுக்க முடியாமல் அவன் முறிந்த கையை மறு கையில் தாங்கியிருந்தான்.

ரொக்கு குறுக்கே போனான். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான், குறுக்கே போய் நிற்பது. அடி தோளில் இறங்கியது. முட்டி மடிந்தாலும் விழவில்லை.

"நான்தான் மாமா. அவரு இல்ல. நான்தான் உப்புப் போட்டேன்."

"என்ன?"

"ஐஸ்ல உப்பு. ஜூன்லேருந்து. டூனா மீன அப்பிடித்தான் மாமா வைப்போம். உப்புப் போட்டா ஐஸ் இன்னும் குளிரும். நேரம் குறையும்னு..."

"அலுமினியம்டா அது!" அண்ணனின் குரல் உடைந்தது. "அலுமினியத்த உப்பு தின்னுடும்டா! கரையான் மாதிரி உள்ளேயே தின்னுடும்டா, படுபாவி!"

"இரும்பு துருப்பிடிக்கும்னு தெரியும் மாமா. இது இரும்பு இல்லையே, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

"கேக்க வேண்டியதுதானடா!"

"யாரக் கேக்கறது?" என்றான் ரொக்கு. சத்தமாகக்கூட இல்லை. "வாசல்ல ஐஸ வாங்கிட்டுக் கதவ மூடிடுவீங்களே மாமா."

மார்தெஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு போய்ப் புருஷன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். இன்னொன்று. தையல் விட்டு ரத்தம் கொட்டியது. அவன் கையைத் தூக்கவில்லை.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? நான் கருகிச் செத்திருப்பேன்ல?"

"நேரம் குறையக் குறைய உனக்கு அவ்வளவு சந்தோஷம். மாமா அன்னிக்கு என் தோள்ல தட்டினாரு." அவன் அழுதுவிட்டான். "அதுக்கப்புறம் எப்பிடி நிறுத்தறது மார்தெஸ்?"

அவள் மூன்றாவது அடிக்கு ஓங்கிய கையோடு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவன் மேலேயே சாய்ந்துவிட்டாள். அடிக்கிறாளா, கட்டிக்கொள்கிறாளா, எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

கம்பி என் அண்ணன் கையிலிருந்து நழுவித் தாரில் விழுந்து உருண்டது.

போலீஸ்காரர்கள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள், ஒரு கிழடு, ஒரு இளசு. ஸாரெனின் கையைப் பார்த்ததும் இளையவன் முகம் சுளித்துத் திரும்பிக்கொண்டான். ஆம்புலன்ஸ் ஆட்கள் அவனைத் தூக்குப்படுக்கையில் ஏற்ற, வலியில் அவன் பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

"யாரு அடிச்சது?" என்றார் பெரியவர்.

 நான் வாயைத் திறந்தேன். கூடப் பிறந்தவன் என்றாலும் அநியாயத்துக்கு நான் துணை போகமாட்டேன். மார்தெஸ் என் மணிக்கட்டை நகம் பதிய அழுத்தினாள்.

"இருங்க அத்தை. அப்பாவே சொல்லட்டும்."

அண்ணனின் உதடு அசைந்தது. நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். அதற்குள் ரொக்கு குனிந்து ஜாக்கிக் கம்பியை எடுத்தான். புருவத்து ரத்தம் தாடையில் வழிய, அதை இரண்டு கையாலும் பெரியவரிடம் நீட்டினான்.

"நான்தான் சார். இதாலதான்."

முதலில் சொன்ன "நான்தான்" உண்மை. இது பொய். இரண்டையும் அவன் ஒரே குரலில் சொன்னான்.

"அப்பா," என்றாள் மார்தெஸ்.

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை.

பெரியவர் தூக்குப்படுக்கைப் பக்கம் திரும்பினார். "ஸாரென், இவனா உன்ன அடிச்சது?"

 ஸாரென் நல்ல கையைத் தூக்கி, விரலால் என் அண்ணனைக் காட்டினான். அடித்தவன் இவன் என்று சொல்லப் போகிறான் என்று நினைத்தேன்.

"அவனைக் கேளுங்க," என்றான். "என் கூட ஞானஸ்நானம் வாங்கினவன். அவன் என்ன சொன்னாலும் சரி, நானும் அதையே சொல்றேன்."

எல்லாரும் விஸ்டினைப் பார்த்தோம். இரண்டு போலீஸ்காரர்கள், ஆம்புலன்ஸ் ஆட்கள், கருகிய காலோடு மகள், ரத்தம் ஒழுகுகிற மருமகன், நான்.

என் அண்ணன் மெல்லக் குனிந்தான். தாரில் சிதறிக் கிடந்த இன்ஜின் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினான்.